மூன்று மீன்களும் ஒரு மந்திரவாதியும்

தம்பி கொண்டுவந்த தாளில் ஆறு மந்திரங்கள் இருந்தன. தீ, இடி, மின்னல், நஞ்சு என்று ஆறும் அடிக்கிற மந்திரங்கள். ஆட்டத்தின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாக, பகடை உருட்டிக் கதையை நடத்துவது. அவனுக்கு அது முதல் ஆட்டம். அவனுடைய மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி எட்டு, அது தீர்ந்தால் ஆள் விழுந்துவிடுவார். சாலையோரத்தில் கோப்ளின் என்ற குட்டிப் பூதங்கள் இரண்டு கத்தியை உருவிக்கொண்டு எதிரே வந்தன. யார் முந்துவது என்று பகடை போட்டோம், கோப்ளின்கள் முந்தின. முதல் வெட்டு ஐந்து, அடுத்த வெட்டு ஆறு. எட்டிலிருந்து பதினொன்று போனால் கணக்குப் போட ஒன்றுமில்லை. "நான் இன்னும் ஒன்றுமே செய்யவில்லையே, அண்ணா" என்றான், கையில் பகடையை வைத்துக்கொண்டு.

இந்த ஆட்டத்தில் மந்திரவாதியாக முதன்முதலில் உட்காரும் பெரும்பாலோர் இப்படித்தான் ஒருமுறை விழுகிறார்கள். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த ஆட்டத்தை வெளியிட்ட நாளிலிருந்தே மந்திரவாதி ஒரு கண்ணாடிக் குடுவை. கவசம் அணியப் பயிற்சி கிடையாது. உயிர்ப்புள்ளிக்கு ஆறு முகப் பகடை. பழைய பதிப்புகள் சிலவற்றில் அதுவும் நான்கு முகம்தான். உடலில் இல்லாத பலத்தை அவர் மந்திரப் புத்தகத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும். அந்தப் புத்தகத்தில் தற்காப்புக்கு எவற்றை எழுதிக்கொள்வது என்பதே இங்கே பேச்சு. நான் சொல்வதெல்லாம் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகள். 2024 திருத்தப் பதிப்பில் சில மந்திரங்கள் மாறியிருக்கின்றன. முக்கியமான இடத்தில் அதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடலாம். மேசையில் யாராவது "உன் ஏ.சி. எவ்வளவு?" என்று கேட்டால் அறையைக் குளிராக்கும் பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. ஆர்மர் கிளாஸ் என்பதன் சுருக்கம் அது. உங்களை அடிக்க வருபவர் இருபது முகப் பகடையை உருட்டி, தன் திறன் எண்ணைக் கூட்டுவார். கூட்டுத்தொகை உங்கள் ஏ.சி.யை எட்டினால் அடி விழும், எட்டாவிட்டால் தப்பினீர்கள். வாள், அம்பு, பல், நகம் எல்லாம் இந்த வாசல் வழியாகத்தான் வரும். தீக்கோளம், டிராகனின் மூச்சு, மயக்கும் வசியம் போன்றவை வேறு வாசல். அங்கே ஏ.சி.க்கு வேலையில்லை, சேவிங் த்ரோ என்று நீங்களே பகடை உருட்டித் தப்ப வேண்டும். ஒரு வாசலுக்குப் போட்ட பூட்டு மற்றதைக் காக்காது. ஏ.சி.யை இருபதுக்கு ஏற்றிவைத்துவிட்டு, ஒரே தீக்கோளத்தில் கருகிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிறுவயதில் கேட்ட மூன்று மீன்களின் கதை நினைவிருக்கும். வலைக்காரர் வருவது தெரிந்ததும் முன்கூட்டியே குளத்தை விட்டுப் போன வருமுன் காப்போன். வலையில் சிக்கியபின் செத்ததுபோல் மிதந்து தப்பிய வரும்போது காப்போன். என்ன செய்வதென்று தெரியாமல் மாட்டிக்கொண்ட மூன்றாவது மீன். தற்காப்பு மந்திரங்களை நான் இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறேன். கையேட்டில் அவை அகர வரிசையில் கிடக்கும். அந்த வரிசையில் படித்தால் எதற்கு எது என்று பிடிபடாது. ஒரு மந்திரம் எவ்வளவு காக்கிறது என்பதைவிட, அதை எப்போது போடுகிறோம், அதற்காக எதை இழக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

முதல் மீனின் மந்திரம் மேஜ் ஆர்மர். பதப்படுத்திய தோல்துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு காலையில் போட்டால் எட்டு மணி நேரம் நிற்கும். ஏ.சி. பதின்மூன்றுடன் உங்கள் சுறுசுறுப்பு எண்ணைக் கூட்டியதாக ஆகிவிடும். அதாவது வெறும் உடம்போடு பன்னிரண்டாக இருந்தவர் பதினைந்து ஆகிறார். போட்டபின் மறந்துவிடலாம், கவனம் கொடுக்க வேண்டியதில்லை. கோப்ளினின் திறன் எண் நான்கு. பன்னிரண்டை எட்ட அது எட்டு அல்லது அதற்கு மேல் உருட்டினால் போதும். இருபதில் பதின்மூன்று வாய்ப்பு. பதினைந்து என்றால் பதினொன்று வேண்டும், இருபதில் பத்து. நூறு வெட்டில் பதினைந்து வெட்டு காற்றோடு போகிறது.

நல்லதுதான். ஆனால் விலையைப் பாருங்கள். முதல் லெவல் மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஸ்லாட் இரண்டே இரண்டு. லெவல் என்பது ஆளின் வளர்ச்சிப் படி; மந்திரத்தின் படியை நிலை என்று சொல்கிறேன். ஸ்லாட் என்பதை அன்றைய கைச்செலவுக் காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். மந்திரம் போடும்போதெல்லாம் ஒன்று போய்விடும், நீண்ட உறக்கத்துக்குப் பிறகுதான் மீண்டும் நிரம்பும். விடிந்ததும் மேஜ் ஆர்மர் போட்டால் சம்பளத்தில் பாதி காலையிலேயே தீர்ந்தது. ஒரு சின்ன வழி உண்டு: ஆர்கேன் ரெகவரி என்ற திறமையால் நாளில் ஒருமுறை, குறுகிய ஓய்வின் முடிவில், ஒரு ஸ்லாட்டைத் திரும்பப் பெறலாம். காலையில் போட்டுவிட்டு முதல் ஓய்வில் காசை மீட்டுக்கொள்பவர்களே கெட்டிக்காரர்கள். ஐந்தாம் லெவலில் முதல்நிலை ஸ்லாட்டே நான்கு இருக்கும். அப்போது இந்தக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை, கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

இரண்டாவது மீனிடம் வருவோம். மந்திரவாதியின் உயிர் பெரும்பாலும் இருப்பது இங்கேதான்.

ஷீல்டு முதல்நிலை மந்திரம். அதை உங்கள் முறையில் போடுவதில்லை. எதிரி அடித்து, அந்த அடி விழுந்துவிட்டது என்று தெரிந்தபிறகு போடுகிறீர்கள். போட்ட கணத்தில் ஏ.சி. ஐந்து ஏறும். விழுந்த அடியே அந்தப் புதிய எண்ணை எட்டவில்லை என்றால் அது விழவே இல்லை என்றாகிவிடும். உங்கள் அடுத்த முறை தொடங்கும்வரை அந்த ஐந்து நிற்கும். மேஜிக் மிஸைல் என்று குறி தவறவே தவறாத ஒரு மந்திரம் உண்டு. ஷீல்டு அதையும் முழுக்கத் தடுக்கும்.

தம்பியின் கோப்ளின்களை மறுபடி வரவழைப்போம். இந்த முறை அவனிடம் மேஜ் ஆர்மரும் ஷீல்டும் இருக்கின்றன. முதல் கோப்ளின் பன்னிரண்டு உருட்டுகிறது. நான்கைக் கூட்டினால் பதினாறு. ஏ.சி. பதினைந்து, அடி விழுந்தது. "ஷீல்டு" என்கிறான் தம்பி. ஏ.சி. இருபது, கத்தி கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றில் பட்டுச் சறுக்குகிறது. இரண்டாவது கோப்ளின் பதினான்கு உருட்டி, பதினெட்டோடு வருகிறது. ஷீல்டு இன்னும் நிற்கிறது, அதுவும் வீண். பதினொரு புள்ளி இழந்த அதே இடத்தில் ஒரு ஸ்லாட் செலவோடு எழுந்து நிற்கிறான், அவன் முறை இன்னும் முழுசாகக் கையில் இருக்கிறது. ஏ.சி. இருபது இருக்கும்வரை கோப்ளினுக்கு இருபதில் ஐந்து வாய்ப்புதான்.

ஷீல்டு போடுவதற்குச் செலவாவது ரியாக்ஷன், அதாவது நடக்கும் ஒன்றுக்கு உடனே காட்டும் எதிர்வினை. ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு ரியாக்ஷன்தான் உண்டு, அடுத்து உங்கள் முறை வரும்போது புதிதாகக் கிடைக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி விதிகள் தானாகப் புரியும். இன்னொரு ஓட்டையும் இருக்கிறது: எதிர்பாராமல் தாக்கப்பட்டால், உங்கள் முதல் முறை கழியும்வரை ரியாக்ஷன் கிடையாது. புதருக்குள்ளிருந்து பாய்ந்தவனிடம் ஷீல்டு எடுபடாது. காலையில் போட்ட மேஜ் ஆர்மர் மட்டுமே அப்போது துணை. இரண்டு மீனும் வேண்டும் என்பது இதனால்தான். இருபது முகப் பகடையில் அப்பட்டமாக இருபது விழுந்தால் எந்த ஏ.சி.யும் நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் ஷீல்டு போட்டு ஸ்லாட்டை வீணாக்காதீர்கள்.

ஆட்டத்தை நடத்துபவரிடம் முதல் நாளே ஒன்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: அடிக்கும் எண்ணை வாய்விட்டுச் சொல்வாரா, அல்லது "விழுந்தது" என்று மட்டும் சொல்வாரா? எண் தெரிந்தால் ஐந்து போதுமா என்று பார்த்துப் போடலாம். தெரியாவிட்டால் ஒவ்வொரு ஷீல்டும் சூதாட்டம். விதிப்படி இரண்டும் நடைமுறையில் உண்டு. நான் நடத்தும் மேசையில் எண்ணைச் சொல்லிவிடுவேன். சொல்லாதவர்களோடும் விளையாடியிருக்கிறேன், ஸ்லாட் இரண்டு மடங்கு கரைந்தது.

கை விஷயம் ஒன்று பாக்கி. ஷீல்டுக்குச் சொல்லும் வேண்டும், சைகையும் வேண்டும். ஒருமுறை குகைக்குள் என் இடது கையில் தீப்பந்தம், வலது கையில் கோல். ஓநாய் பாய்ந்தது, நான் பெருமையாக "ஷீல்டு" என்றேன். ஆட்டத்தை நடத்தியவர் நிதானமாகக் கேட்டார்: "எந்தக் கையால் சைகை காட்டுகிறீர்கள்?" வாயடைத்துப் போனேன். மந்திரக் கோல் பிடித்த கையால் சைகை காட்டலாம் என்ற சலுகை, பொருள் தேவைப்படும் மந்திரங்களுக்கு மட்டும்தான். ஷீல்டுக்குப் பொருள் தேவையில்லை, ஆகவே சலுகையும் இல்லை. கறாரான விதி, பல மேசைகளில் கண்டுகொள்ள மாட்டார்கள். என்றாலும் அன்றிலிருந்து நான் தீப்பந்தம் பிடிப்பதில்லை. லைட் என்ற சில்லறை மந்திரத்தைக் கோலின் நுனியில் போட்டுவிடுகிறேன். அதற்கு ஸ்லாட்டும் செலவில்லை, ஒரு கையும் சும்மா இருக்கிறது.

இதுவரை பார்த்ததெல்லாம் ஏ.சி. வாசல். தீக்கோள வாசலுக்கு இரண்டாவது மீன் வைத்திருக்கும் மந்திரம் அப்சார்ப் எலிமென்ட்ஸ். 2014 கையேட்டில் இது இல்லை. 2017இல் வந்த துணைநூலில் பரவலாகக் கிடைத்தது. உங்கள் மேசையில் அந்த நூலுக்கு அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அமிலம், குளிர், தீ, மின்னல், இடி ஆகிய ஐந்தில் ஏதாவது ஒன்று உங்களைத் தாக்கும்போது ரியாக்ஷனாகப் போட்டால் சேதம் பாதியாகும். ஐந்தாம் லெவலில், உடல் உறுதி எண் இரண்டு உள்ள மந்திரவாதிக்குச் சராசரிக் கணக்கில் முப்பத்திரண்டு உயிர்ப்புள்ளி இருக்கும். தீக்கோளம் எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி இருபத்தெட்டு. சேவிங் த்ரோவில் தோற்றால் கையில் மிஞ்சுவது நான்கு. இந்த மந்திரம் இருந்தால் பதினான்கோடு போகும். சேவிங் த்ரோவிலும் வென்றிருந்தால் ஏழுதான். ஆனால் அந்தச் சுற்றில் ரியாக்ஷன் போய்விட்டது. தீக்கோளத்தைத் தொடர்ந்து வரும் வாளுக்கு ஷீல்டு இல்லை.

அடுத்து, புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம். சில மந்திரங்களைப் போட்டபின் மனதைக் குவித்து அவற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டத்தில் இதைக் கான்சென்ட்ரேஷன் என்பார்கள். ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். இரண்டாவதைத் தொடங்கினால் முதலாவது அறுந்துவிடும். அடிபட்டால் உடல் உறுதியில் சேவிங் த்ரோ போட வேண்டும். எட்ட வேண்டிய எண் பத்து, அல்லது வாங்கிய சேதத்தில் பாதி, இரண்டில் எது பெரிதோ அது. தோற்றால் மந்திரம் போயிற்று.

இப்போது பிளர், மிரர் இமேஜ் என்று இரண்டாம்நிலையில் இருக்கும் இரண்டு மந்திரங்களைப் பாருங்கள். பிளர் போட்டால் உங்கள் உருவம் மங்கலாகும். அடிப்பவர் இரண்டு முறை உருட்டிச் சிறிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் மனக்குவிப்பு கேட்கிறது. ஒரு மந்திரவாதி தன் மனக்குவிப்பை எதிரிகளைச் சிலந்தி வலையில் கட்டுவதற்கோ, நண்பனை வேகப்படுத்துவதற்கோ வைத்திருக்க வேண்டும். தன் மேனியை மங்கலாக்குவதற்கு அதைச் செலவிடுவது, என் கருத்தில், வீட்டில் இருக்கும் ஒரே குடத்தைப் பூச்செடிக்குக் கவிழ்ப்பது போன்றது. மிரர் இமேஜ் மனக்குவிப்பு கேட்பதில்லை. உங்களைப் போலவே மூன்று பிம்பங்கள் பக்கத்தில் நின்று ஒரு நிமிடம் ஆடும். அடி வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்டுங்கள்: மூன்று பிம்பம் இருக்கும்போது ஆறோ மேலேயோ வந்தால் அடி பிம்பத்தின் மீது போகும். இரண்டு இருந்தால் எட்டு வேண்டும், ஒன்று என்றால் பதினொன்று. பிம்பத்தின் மீது உண்மையிலேயே அடி பட்டால் அது மறையும். அதாவது தொடக்கத்தில் நான்கில் மூன்று அடிகள் வேறு எங்கோ போகின்றன. போட ஒரு முழு ஆக்ஷன், அதாவது உங்கள் முறையின் முக்கியச் செயல், செலவாகிறது என்பதுதான் குறை. கண்ணை நம்பாமல் வேறு புலனால் உணரும் பிராணிகளிடமும் தீக்கோளத்திடமும் இது பலிக்காது.

மூன்றாவது மீன் கதையில் இறந்துபோனது. ஆட்டத்தில் அதற்கும் ஒரு மந்திரம் எழுதிவைத்திருக்கிறார்கள்: மிஸ்டி ஸ்டெப். இரண்டாம்நிலை. கண்ணுக்குத் தெரிகிற ஒரு காலி இடத்துக்கு, முப்பது அடி தூரத்துக்குள், வெள்ளிப் பனிமூட்டத்தோடு மறைந்து தோன்றலாம். போனஸ் ஆக்ஷன் என்ற கூடுதல் சிறு செயல்தான் செலவு, ஆகவே அதே முறையில் வேறொன்றும் செய்யலாம். வேறொரு மந்திரம் போட வேண்டுமென்றால் அது ஸ்லாட் செலவாகாத சில்லறை மந்திரமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் விதி. நான் இதை விரும்புவதற்குக் காரணம் வேறு. இதற்குச் சைகை வேண்டாம், பொருள் வேண்டாம், ஒரு சொல் போதும். கை இரண்டையும் கட்டிப்போட்டிருந்தாலும் போடலாம். பூதம் இடுப்பைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருக்கும்போதும் போடலாம். அதன் கை வெறுமையாக மூடிக்கொள்ளும், நீங்கள் பாறையின் மீது நிற்பீர்கள். வாயைக் கட்டிவிட்டாலோ, இடம் கண்ணுக்குத் தெரியாத இருட்டிலோதான் பயனில்லை.

கவுன்ட்டர்ஸ்பெல் பற்றி எல்லோரும் ஆஹா ஓஹோ என்பார்கள். மூன்றாம்நிலை ரியாக்ஷன், அறுபது அடிக்குள் எதிரி மந்திரம் போடுவதைப் பார்த்தால் அதை வெட்டிவிடலாம். 2014 விதியில் மூன்றாம்நிலை வரையுள்ள மந்திரம் உடனே செத்துவிடும், அதற்கு மேல் என்றால் பகடை. 2024இல் எதிரி உடல் உறுதியில் சேவிங் த்ரோ போடுகிறார், தோற்றாலும் அவருடைய ஸ்லாட் தீருவதில்லை. எதுவானாலும் ஐந்தாம் லெவலில் உங்களிடம் மூன்றாம்நிலை ஸ்லாட் இரண்டுதான். உங்கள் கதையில் மந்திரம் போடும் எதிரிகள் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு எடுங்கள். ஓநாய்க் கூட்டத்தோடு சண்டை போடும் கதையில் அது புத்தகத்தில் பூஞ்சை பிடித்துக் கிடக்கும்.

விழுபவர்களை இறகுபோல் மெல்ல இறக்கும் ஃபெதர் ஃபால் அப்படியல்ல. பத்து ஆட்டத்தில் ஒருமுறைதான் பயன்படும். ஆனால் பாலம் இடிந்து நீங்கள் ஐந்து பேரும் அறுபது அடிப் பள்ளத்தில் விழும்போது, ஆளுக்கு ஆறு பகடைச் சேதத்தை ஒரே சொல்லால் இல்லாமலாக்க வேறு எதுவுமில்லை. நான் புத்தகத்தில் எழுதிவைத்துக்கொண்டு, மலையோ கோபுரமோ வரும் நாளில் மட்டும் தயார்செய்கிறேன்.

தயார்செய்வது என்றேன். புத்தகத்தில் இருப்பதெல்லாம் அன்றைக்குப் போட முடியாது. அறிவு எண் மூன்று என்றால் முதல் லெவலில் நான்கு மந்திரங்களைத் தயார்செய்யலாம். புத்தகத்தில் ஆறு இருக்கும். எஞ்சிய இரண்டை ரிச்சுவல் என்று குறியிட்ட மந்திரங்களாக எடுத்தால் நஷ்டமே இல்லை; அவற்றைத் தயார்செய்யாமலே, கூடுதலாகப் பத்து நிமிடம் எடுத்து, ஸ்லாட் இல்லாமல் போடலாம். அலாரம் அப்படி ஒன்று. முகாமைச் சுற்றி எட்டு மணி நேரம் காவல். யாராவது எல்லையைத் தாண்டினால் உங்கள் மனதில் மட்டும் மணி அடிக்கும், தூக்கத்தில் இருந்தாலும் எழுப்பிவிடும். மேஜ் ஆர்மர், ஷீல்டு, அலாரம், கவுன்ட்டர்ஸ்பெல் எல்லாம் காப்பு மந்திரங்கள் என்ற ஒரே பள்ளியைச் சேர்ந்தவை. இரண்டாம் லெவலில் அந்தப் பள்ளியையே தேர்ந்தெடுப்பவருக்கு, இம்மந்திரங்களைப் போடப்போட நிரம்பும் ஒரு மாயக் காப்பும் கிடைக்கிறது. அடிகளை அதுதான் முதலில் வாங்கும்.

மீதி நான்கில் என்ன? தம்பிக்கு நான் சொன்னது: ஷீல்டு, மேஜ் ஆர்மர், இரண்டையும் தொடாதே. மற்ற இரண்டு உன் இஷ்டம், ஆனால் ஒன்று ஸ்லீப்பாக இருந்தால் நல்லது. கையேடு அதைத் தற்காப்பு என்று சொல்வதில்லை. ஐந்து எட்டுமுகப் பகடை உருட்டி, வந்த புள்ளி அளவுக்கு எதிரிகளை உறங்கவைக்கும் மந்திரம், சராசரி இருபத்திரண்டரை. கோப்ளினுக்கு உயிர்ப்புள்ளி ஏழு. மூன்று கோப்ளின்கள் குறட்டை விடும்போது அவற்றின் கத்திக்கு ஏ.சி. எதற்கு? 2024இல் இந்த மந்திரத்தையும் மாற்றிவிட்டார்கள், எனக்கு அதில் வருத்தம்தான்.

அடுத்த வாரம் புதுத் தாளோடு வந்தான். நான்கில் மூன்று நான் சொன்னவை. நான்காவது, பழைய தாளில் இருந்த அதே இடி மந்திரம். அதை விட முடியவில்லையாம்.